நாளைக்கும் இதே மாதானா?

சென்ற மாதம் நமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒரு சகோதரியின் கடிதத்தை இரண்டு மூன்று தடவைகள் வாசித்தேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்லும் பிரச்சினையோ பெயரும் ஊரும் இல்லாமலேயே நம்மில் பலருக்கு விளங்கக் கூடியது. எனவே, அவருக்கான பதிலை இம்மாதப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அவருடைய கணவர் ஒரு மேசன். 2022ஆம் ஆண்டு நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது சீமெந்து விலை ஏறியது, கட்டட வேலைகள் நின்றன, கணவரின் வருமானமும் நின்றது. இரண்டு பிள்ளைகள் படித்துக் கொண்டிருந்தார்கள். சகோதரி தனது நாநாவிடம் 40,000 ரூபா கடன் வாங்கி, இடியப்ப உரல்களும் தட்டுக்களும் அடுப்பும் வாங்கினார். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு 60 இடியப்பத்துடன் தொடங்கினார். இன்று நான்கு கடைகளுக்கு நாளொன்றுக்கு 400 இடியப்பம் கொடுக்கிறார்.

"நட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர்களும் நல்லவர்கள். நாநாவின் கடனும் போன வருடம் முடிந்துவிட்டது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும்போது, நாளைக்கும் இதே மாதானா, மறுநாளும் இதே மாதானா என்று ஓர் எண்ணம் வருகிறது. தொடக்கத்தில் இருந்த உற்சாகத்தில் கால்வாசி கூட இப்போது இல்லை. சம்பாத்தியம் தருகிற தொழிலைப் பற்றி முறைப்படுவது நன்றி கெட்ட செயலோ என்று வெட்கமாகவும் இருக்கிறது. கணவரிடம் சொன்னால், 'கஷ்டமென்றால் விட்டுவிடு' என்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். விட்டுவிடவும் முடியவில்லை, தொடரவும் மனமில்லை. நான் என்ன செய்ய?"

கடிதத்தின் சாரம் இதுதான்.

சகோதரி, முதலில் அந்த வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். ஒரு தொழிலின் முதல் மாதங்களை நடத்துவது பயமும் ஆவலும்தான். பணம் வருமா, கடைக்காரர் ஏற்றுக்கொள்வாரா, கடன் அடையுமா என்ற கேள்விகளே மனிதனைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு எஞ்சுவது வேலை மட்டும்தான். தொழில் தோற்றதால் உங்களுக்குச் சலிப்பு வரவில்லை. அது ஒரு நிலைக்கு வந்துவிட்டதால்தான் வந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் நன்றாக நடக்கிற தொழிலைக் கைவிட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. மருதமுனையில் கைத்தறி நெய்பவர்களும் ஒரே அசைவைத்தான் நாளெல்லாம் செய்கிறார்கள். ஆனால் பொழுது சாயும்போது எத்தனை முழம் நெய்திருக்கிறோம் என்பது அவர்களுடைய கண்முன்னே சுருண்டு கிடக்கும். உங்கள் வேலை அப்படியல்ல. மூன்று மணிக்குக் குழைத்த மா ஒன்பது மணிக்குள் பிறர் வயிற்றுக்குப் போய்விடுகிறது. அடுத்த நாள் தட்டு மறுபடியும் வெறுமையாக இருக்கிறது. சமையல், துணி துவைத்தல், பிள்ளை பராமரிப்பு எல்லாம் இந்த வகைதான். செய்த வேலை கண்ணுக்கு மிஞ்சுவதில்லை. ஆகவே, மூன்று வருடங்களாக நான் எதையும் கட்டியெழுப்பவில்லையே என்று மனம் நினைத்துக் கொள்கிறது. அது உண்மையல்ல. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

எது களைப்பு, எது சலிப்பு?

உற்சாகத்தைத் தேடுவதற்கு முன்னர் மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உடல். நீங்கள் மூன்று மணிக்கு எழும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பிள்ளைகள் படித்து முடித்து, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மா அரித்து வைத்துப் படுக்கும்போது பதினொரு மணியாகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது நான்கு மணித்தியாலத் தூக்கம். வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான ஆலோசனை. நான்கு மணித்தியாலம் தூங்குபவருக்கு உலகத்தில் எந்த வேலையும் சலிப்பாகத்தான் தெரியும். அவருக்கு யாரும் புத்திமதி சொல்லத் தேவையில்லை. தூங்கவிட்டாலே போதும்.

இரண்டாவது, கணக்கு. நட்டமில்லை என்கிறீர்கள். ஆனால் உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தீர்களா? ஓர் உதாரணம் சொல்கிறேன். அரிசிமா, கேஸ், உப்பு, போக்குவரத்து எல்லாம் கழித்து ஓர் இடியப்பத்தில் 3 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக் கொள்வோம். 400 இடியப்பத்துக்கு 1,200 ரூபா. முதல் நாள் ஆயத்தத்தையும் பாத்திரம் கழுவுவதையும் சேர்த்து ஐந்து மணித்தியாலம் செலவாகிறது என்றால் மணித்தியாலத்துக்கு 240 ரூபா. உங்களுடைய உண்மையான எண்களைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். கிடைக்கும் தொகை மிகக் குறைவென்றால் சலிப்பு ஓர் எச்சரிக்கை. விலையைப் பற்றிக் கடைக்காரரிடம் பேச வேண்டும். அல்லது குறைவாக எடுத்துக் கொண்டு குறைந்த விலை கொடுக்கும் கடையை விட வேண்டும். கணக்குச் சரியில்லாத தொழிலை உற்சாகத்தால் காப்பாற்ற முடியாது.

மூன்றாவதுதான் மனம். உடலும் கணக்கும் சரியாக இருந்தும் கை மட்டும் ஓடவில்லை என்றால் அதுதான் உண்மையான சலிப்பு. இனி நான் சொல்லப் போவது அதற்கு.

ஏழு பெண்களின் அப்பளம்

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி, பம்பாயில் கிர்காம் என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். குஜராத்தி பேசும் சாதாரண குடும்பப் பெண்கள். பெரிய படிப்பில்லை, முதலுமில்லை. 80 ரூபா கடன் வாங்கி, உளுந்து மாவும் சரக்கும் வாங்கி அப்பளம் தேய்த்தார்கள். முதல் நாளில் நான்கு பக்கெட்டுக்கள்தான் ஆயின. அவற்றை ஒரு வியாபாரியிடம் கொடுத்தார்கள். அதுதான் இன்று 'லிஜ்ஜத்' என்ற பெயரில் அறியப்படும் நிறுவனத்தின் முதல் நாள். இன்று அதில் ஏறக்குறைய 45,000 பெண்கள் பங்காளிகளாக இருக்கிறார்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அநேகமாக 80 ரூபாவையும் கோடிகளையும் மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் நமக்குத் தேவையானது. நடுவில் நடந்தது அப்பளம் தேய்த்தது. நேற்று தேய்த்த அதே அளவில், அதே வட்டத்தில், இன்றும் நாளையும் தேய்த்தார்கள். ஆனால் அந்த ஒரே மாதிரியான வேலையைத் தாங்கிக்கொள்வதற்கு அவர்கள் சில ஒழுங்குகளைச் செய்து வைத்திருந்தார்கள்.

முதலாவது ஒழுங்கு, யாரும் எல்லா வேலையையும் தனியே செய்வதில்லை. காலையில் நிலையத்தில் ஒரு குழுவினர் மாவைக் குழைத்துக் கொடுப்பார்கள். மற்றவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் காயவைத்து, அடுத்த நாள் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். ஒப்படைக்கும் இடத்தில் நிறையும் தரமும் பார்க்கப்படும். அந்த இடத்தில் நாள்தோறும் தன்னைப் போன்ற வேறு பெண்களின் முகத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது, தேய்த்த கூலி உடனுக்குடன் கைக்குக் கிடைத்தது. மாத முடிவுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைய வேலைக்கு இன்றைய பயன் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, தரத்தில் விட்டுக்கொடுப்பில்லை. தொடக்கத்தில் குறைந்த விலைக்கு ஒரு மட்டமான வகையும் செய்யலாம் என்ற யோசனை இருந்தது. கடன் கொடுத்து உதவிய பெரியவர், தரத்தை ஒருபோதும் குறைக்க வேண்டாமென்று புத்தி சொன்னார். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

நான்காவது, தடை வந்தபோது அழுதுகொண்டிருக்கவில்லை. முதல் வருடம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதங்கள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலின் கீழ் அடுப்பு. மழை பெய்தது, அப்பளமும் காய்ந்தது! பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்குத்தான் அதில் எந்த இடத்தில் குறை இருக்கிறது என்பது தெரியும். அதைச் சரிசெய்யும் உரிமையும் அவருக்கே உரியது.

சகோதரி, உங்கள் வேலையிலும் இப்படி ஒரு கட்டிலும் அடுப்பும் எங்கோ இருக்கும். மா குழைக்கும் தண்ணீரின் சூடாக இருக்கலாம். கை வலிக்கும் பழைய உரலாக இருக்கலாம். இருட்டில் தட்டுத் தேடும் ஐந்து நிமிடமாக இருக்கலாம். மாதத்துக்கு ஒரு குறையை மட்டும் பிடித்துச் சரிசெய்யுங்கள். வேலை மாறாது. ஆனால் நீங்கள் வேலைக்கு அடிமையாக இல்லாமல் அதற்குச் சொந்தக்காரியாக இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு வரி

அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெரேசா அமாபைல் என்ற பேராசிரியை ஓர் ஆய்வு செய்தார். ஏழு நிறுவனங்களில் பணியாற்றும் 238 பேரிடம், ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஒரு சிறு நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னார். ஏறத்தாழ 12,000 குறிப்புக்கள் சேர்ந்தன. எந்த நாட்களில் மனிதர்கள் உற்சாகமாக இருந்தார்கள் என்று தேடிப் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரணம் தெரிந்தது. தாம் மதிக்கும் வேலையில் அன்று சிறிதளவாவது முன்னேறியிருக்கிறோம் என்ற உணர்வுதான் அது. 2011ஆம் ஆண்டு அவர் இதனை நூலாகவும் வெளியிட்டார்.

கவனியுங்கள். முன்னேற்றம் சிறிதாக இருந்தாலும் போதும். ஆனால் அது தெரிய வேண்டும். உங்களுக்கு முன்னேற்றம் இல்லாமலில்லை. அது தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். நாநாவின் கடன் 40,000 ரூபாவும் முடிந்துவிட்டதை ஒரே வரியில், பாதிப் பெருமூச்சோடு எழுதிவிட்டு அடுத்த வரியில் அலாரத்துக்குப் போய்விட்டீர்கள். நாடே தடுமாறிய ஒரு காலத்தில், அடுப்பங்கரையில் நின்று, இடியப்பம் பிழிந்து ஒரு கடனை அடைத்திருக்கிறீர்கள். அந்த நாளில் வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லி மகிழ்ந்தார்களா? நீங்களாவது ஒரு நிமிடம் நின்று பார்த்தீர்களா?

ஆகவே, ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களும் போதும். இரவில் படுப்பதற்கு முன் மூன்று விடயங்களை மட்டும் எழுதுங்கள். இன்று எத்தனை இடியப்பம். கையில் மிஞ்சியது எவ்வளவு. நேற்றை விட எது சற்று நன்றாக நடந்தது. "இன்று ஒன்றும் உடையவில்லை" என்றிருந்தாலும் எழுதுங்கள். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். நெசவாளிக்குத் துணி சுருண்டு கிடப்பது போல உங்களுக்கு அந்தக் கொப்பி இருக்கட்டும்.

பத்து நாள் எழுதிவிட்டுப் பழக்கம் வரவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்ததாகக் கண்டார்கள். சிலருக்கு 18 நாட்கள் போதுமாயிருந்தன. வேறு சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறிப் போனதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சாப்பிடுபவரைப் பாருங்கள்

என்னுடைய வாப்பா ஒரு சிறிய சில்லறைக் கடை வைத்திருந்தார். பாடசாலை விடுமுறை நாட்களில் சீனியைக் கால் கிலோ பைகளாக நிறுத்துக் கட்டுவது என்னுடைய வேலை. பத்தாவது பையில் விளையாட்டு ஞாபகம் வந்துவிடும். ஐம்பதாவது பையில் தராசைப் பார்ப்பதை விட்டுக் கைக்கணக்கில் போடத் தொடங்கிவிடுவேன். ஒரு நாள் வாப்பா நான் கட்டிய பைகளில் சிலதை எடுத்து மறுபடியும் நிறுத்துப் பார்த்தார். குறைவாக இருந்தது. ஏசவில்லை. "உனக்குத்தான் மகன் இது நூறாவது பை. வாங்கிட்டுப் போற வீட்டுக்கு இது ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு, அவிழ்த்துச் சரியாகக் கட்டித் தந்தார்.

அன்று எனக்கு அது வெறும் கண்டிப்பாகத்தான் பட்டது. பிறகு ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தபோது வாப்பாவின் வார்த்தை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் வேலையில் சிலர் இருந்தார்கள். நாள் முழுதும் ஒரே பேச்சு. அநேகமாக மறுப்புத்தான் கிடைக்கும். அவர்களில் ஒரு சிலருக்கு மட்டும், அந்த நன்கொடையால் புலமைப்பரிசில் பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரை ஐந்து நிமிடம் சந்திக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் முன்னரை விட இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. சந்திக்காதவர்களிடம் மாற்றமில்லை. அடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2007ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார்கள். வேலை அதேதான். யாருக்காகச் செய்கிறோம் என்பதைக் கண்ணால் கண்டதுதான் வித்தியாசம்.

நீங்கள் இடியப்பத்தைக் கடை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அதைச் சாப்பிடுகிறவரைக் கண்டதில்லை. கடைக்காரரிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், காலையில் யார் யார் வாங்குகிறார்கள் என்று. தூரப் பயணம் போகும் பஸ் சாரதியாக இருக்கலாம்; வீட்டில் சமைக்க ஆளில்லாத முதியவராக இருக்கலாம்; வேலைக்கு ஓடும் ஒரு தாய் பிள்ளைகளுக்கு வாங்கலாம். உங்கள் கை ஒரு நாள் ஓய்ந்தால் யாருடைய காலை குழம்பும் என்பது தெரிந்துவிட்டால், மாவைப் பார்க்கும் பார்வையே மாறும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இதுவரை சொன்னவை உங்களுக்கு. இனிச் சொல்வது உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும். கடிதம் முழுவதையும் தேடியும், மாவை அரித்தது யார், தட்டைக் கழுவியது யார், கடைக்குக் கொண்டுபோனது யார் என்பதில் உங்களைத் தவிர வேறு ஒருவரையும் நான் காணவில்லை.

சகோதரரே, "கஷ்டமென்றால் விட்டுவிடு" என்று நீங்கள் அன்பினால்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்த வார்த்தை உங்கள் மனைவியின் காதில் எப்படி விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வருட உழைப்பு, வேண்டுமானால் வைத்துக்கொள், வேண்டாமென்றால் போட்டுவிடு என்ற அளவுக்குச் சிறிய காரியமாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, "நாளையிலிருந்து கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். மகன் இரவில் தட்டுக்களை அடுக்கி வைக்கட்டும். மகளுக்குப் பரீட்சை இருக்கிறது. அவள் மாத முடிவில் கொப்பியைக் கூட்டிக் கொடுக்கட்டும். லிஜ்ஜத் பெண்கள் மாக் குழைப்பதையும் தேய்ப்பதையும் பிரித்துக் கொண்டது போல, இந்த வீட்டிலும் வேலை நான்கு கைகளுக்குப் பிரியட்டும். அம்மாவுக்கு இரண்டு மணித்தியாலத் தூக்கம் கூடினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள் அடுப்புக்கு ஓய்வு கொடுங்கள். விற்பனை மந்தமான நாள் எது என்பது கடைக்காரருக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் ஒழுங்கு செய்துகொள்வார். ஒரு நாள் வருமானம் குறையும் என்பது உண்மைதான். ஓய்வில்லாமல் ஓடி ஆறு மாதத்தில் தொழிலையே நிறுத்துவதை விட அந்த நட்டம் சிறியது.

விடுவதா, தொடர்வதா?

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தொழிலை விடுவது குற்றமல்ல. கணக்குப் பார்த்துக் கூலி தேறவில்லை என்றாலோ, உடல் இடம் கொடுக்கவில்லை என்றாலோ, இதைவிட நல்ல வழி ஒன்று கையில் இருந்தாலோ தாராளமாக விடலாம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, இருட்டில், தூக்கக் கலக்கத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் எந்தத் தொழிலும் வேண்டாததாகத்தான் தெரியும். பகலில், வயிறு நிறைந்து, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, கணவரோடு உட்கார்ந்து எடுங்கள்.

முன்னர் உங்களை நடத்தியது கடன். அது முடிந்துவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றை நீங்கள் இன்னும் வைக்கவில்லை. இன்றைய சலிப்புக்குப் பாதிக் காரணம் இதுவென்றே எனக்குப் படுகிறது. மகளின் மேற்படிப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அல்லது உதவிக்கு ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்துக்கொள்ளும் நாளை இலக்காக வையுங்கள். நீங்கள் கஷ்டப்பட்டதைப் போலக் கஷ்டப்படும் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.

ஒரு மாதம் தூக்கம், மூன்று மாதம் கொப்பி. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். அப்போதும் விட வேண்டும் என்றே தோன்றினால், அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். எப்படி விடுவது என்று சேர்ந்து யோசிப்போம்.